ஹெட்லைட் மினுக்குகிறது, பேட்டரி மாற்றியும் தீரவில்லை. எதைப் பார்ப்பது?

தாராபுரத்துப் பொண்ணு

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வீடு தாராபுரத்துக்குப் பக்கத்தில், தோட்டத்தில். ஷிப்மென்ட் இருக்கும் நாட்களில் கிளம்பவே ஒன்பதரை ஆகிவிடும். காங்கயம், ஊதியூர் வழியாகத் தனியாகத்தான் ஓட்டி வருகிறேன். வண்டி 2011 மாடல் பெட்ரோல் கார். மாமா வைத்திருந்தது, மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறது. சாதாரண எச்4 ஹாலஜன் பல்புதான்.

மார்கழி பிறந்ததிலிருந்து ஹெட்லைட் மினுக்குகிறது. முழுசாக அணையாது. யாரோ ரெகுலேட்டரைக் குறைத்துக் கூட்டுவது போல மங்கி மங்கி எரியும். வேகத்தடை ஏறி இறங்கினால் அதிகமாகும். ஊருக்குள் தெருவிளக்கு இருப்பதால் பெரிதாகத் தெரியவில்லை. காங்கயம் தாண்டினால்தான் தெரிகிறது.

முதலில் காட்டிய மெக்கானிக் பேட்டரி வீக் என்றார். 4,300 ரூபாய் கொடுத்துப் புதுசு போட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. இப்போது ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போயிருக்கும், மாற்றினால் ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார்.

தை மாதம் இந்த ரோட்டை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பழனிக்கு நடந்து போகிறவர்கள் ராத்திரி முழுக்க ஓரத்தில் போய்க்கொண்டே இருப்பார்கள். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடக்க வேண்டும் என்று இருட்டில்தான் அதிகம் நடக்கிறார்கள். போன வியாழக்கிழமை ஊதியூருக்கு இந்தப் பக்கம் வரும்போது இடது பக்க வெளிச்சம் ஒரு நொடி மங்கியது. திரும்ப வந்தபோது, காவடி தூக்கிய ஒருவரும் அவர் கையைப் பிடித்த ஒரு பையனும் என் வண்டிக்குப் பத்தடி முன்னால் இருந்தார்கள். ஒடித்துத் தப்பித்தேன். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நடந்துகொண்டே போனார்கள். வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

பணம் இன்னொரு ஒன்பதாயிரம் போனாலும் பரவாயில்லை, ஆனால் அதற்குப் பிறகும் மினுக்கினால் என்ன செய்வேன்? எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் மோட்டார் பார்க்க வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

நைட் ஷிப்ட் அவினாசி

அக்கா, ஹாலஜனைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்ஈடி மாற்றிவிடுங்கள். கரண்ட் கம்மியாக இழுக்கும், வெள்ளை வெளிச்சம். நான் என் வண்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

வயர்மேன் பல்லடம்

தம்பி சொன்னதை இப்போதைக்குச் செய்யாதீங்க அம்மிணி. வயரிங்கில் கோளாறு இருக்கும்போது எல்ஈடி போட்டால் இன்னும் மோசமாக மினுக்கும். ஹாலஜனில் இருப்பது கம்பி. வோல்டேஜ் ஒரு கணம் விழுந்தாலும் சூட்டில் கொஞ்சம் தாங்கி எரியும். எல்ஈடிக்கு உள்ளே டிரைவர் சர்க்யூட் இருக்கிறது, வோல்டேஜ் விழுந்தால் அது பட்டென்று அணைந்து பட்டென்று எரியும். அதோடு, ஹாலஜன் பல்புக்கென்று செய்த ரிஃப்ளெக்டரில் எல்ஈடியைச் செருகினால் வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் விழாது, எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். நடந்து போகிற ஜனம் உள்ள ரோட்டில் அது வேண்டாம்.

முப்பத்து நாலு வருடம் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்த்தவன் நான். இப்போது கடையைப் பையன் பார்க்கிறான். ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் எனக்கு நாலு பதில் வேண்டும்.

இரண்டு ஹெட்லைட்டும் மினுக்குகிறதா, ஒன்று மட்டுமா? அந்த நேரத்தில் மீட்டர் போர்டு விளக்கும் உள்ளே உள்ள விளக்கும் சேர்ந்து மங்குகிறதா? நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் மாறுகிறதா? கடைசியாக, இடது இண்டிகேட்டரைப் போட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு வலது இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. மார்கழிக்கு முன்னால் வண்டியின் முன்பக்கம் ஏதாவது வேலை நடந்ததா? டிங்கரிங், ரேடியேட்டர், ஹாரன், எதுவானாலும் சொல்லுங்கள்.

மஞ்சள் மண்டி ஈரோடு

ஐயா சொல்வது சரி, ஆனால் ஆல்டர்னேட்டரும் காரணமாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பிக்கப்பில் போன வருடம் அதுதான். மூட்டை ஏற்றிக்கொண்டு பவானியிலிருந்து வரும்போது இரண்டு லைட்டும் ஒன்றாகத் துடிக்கும், மீட்டர் போர்டும் கூடவே துடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் துடிப்பு வேகமாகும். பேட்டரி முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்துப் பார்த்தபோது 0.9 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தாலே டயோடு சந்தேகம் என்றார் எலக்ட்ரீசியன். கழற்றிப் பார்த்தால் ஒரு டயோடு போயிருந்தது, கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்து கிடந்தது. முழு ஆல்டர்னேட்டர் மாற்றவில்லை, உள்ளே உள்ளதை மட்டும் மாற்றிக் கொடுத்தார்.

பெல்ட் லூசாக இருந்தாலும் இப்படி வரும், ஆனால் அது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்று கத்திக் காட்டிக் கொடுத்துவிடும்.

தாராபுரத்துப் பொண்ணு

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கார் ஷெட்டின் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தேன். அம்மா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

மினுக்குவது பெரும்பாலும் இடதுதான். வலது எப்போதாவது, மிக லேசாக. மீட்டர் போர்டும் உள் விளக்கும் அசையவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இரண்டும் கொஞ்சம் பிரகாசமாகிறது, அவ்வளவுதான், துடிப்பு வேகமாகவில்லை. ஏசி போட்டால் இரண்டும் ஒரு கணம் மங்கித் திரும்புகிறது.

இண்டிகேட்டர்தான் என்னை ஆச்சரியப்படுத்தியது, ஐயா. இடது இண்டிகேட்டர் போட்டால் இடது ஹெட்லைட் அதே தாளத்தில் மங்குகிறது. டிக் என்றால் மங்கல், டக் என்றால் வெளிச்சம். கூடவே இடது பார்க்கிங் விளக்கும். வலது இண்டிகேட்டர் போட்டால் ஒன்றும் ஆகவில்லை. இத்தனை நாள் ஓட்டியும் நான் இதைக் கவனித்ததே இல்லை.

முன்பக்க வேலை நடந்தது உண்மை. ஐப்பசி மழையில் தென்னை மட்டை ஒன்று போனட் மேல் விழுந்துவிட்டது. போனட்டும் இடது ஃபெண்டரும் நசுங்கி, டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்து வந்தது. அதற்கும் லைட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றாததால் முதலில் எழுதவில்லை.

வயர்மேன் பல்லடம்

அம்மிணி, உங்கள் ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். இடது பக்க எர்த்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், ஹெட்லைட், பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றுக்கும் பிளஸ் தனித்தனியாக வருகிறது. ஆனால் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான். மூன்றின் கறுப்பு வயரும் சேர்ந்து அந்தப் பக்கத்தில் ஒரு போல்ட்டில் பாடியோடு இறங்குகிறது. அந்தப் போல்ட்டில் பிடிப்பு சரியில்லை என்றால், ஹெட்லைட் எரியும்போது கொஞ்சம் வோல்டேஜை அதுவே தின்றுவிடும். இண்டிகேட்டரின் 21 வாட் பல்பும் எரிந்தால் அதே அடைப்பான வழியில் இன்னும் கொஞ்சம் கரண்ட் போக வேண்டும், இன்னும் கொஞ்சம் தின்னும். அதனால்தான் ஹெட்லைட் அதன் தாளத்தில் மங்குகிறது. வாய்க்காலில் மண் சரிந்த இடத்தில் இரண்டு மடையையும் திறந்துவிட்ட மாதிரி.

பெயிண்ட் வேலை செய்பவர்கள் லைட்டைக் கழற்றுவார்கள், எர்த் போல்ட்டையும் கழற்றுவார்கள். புட்டியும் பெயிண்டும் அடித்த பிறகு அந்தப் பெயிண்ட்டின் மேலேயே லக்கை, அதாவது வயர் நுனியில் இருக்கும் உலோக வளையத்தை, வைத்து முறுக்கிவிடுவார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் தொடர்பு இருக்கும். கொஞ்ச நாள் ஓடும். பிறகு துரு ஏறும், குலுங்கலில் விட்டு விட்டுத் தொடும். என் கடைக்கு வந்த மினுக்கல் கேசுகளில் டிங்கரிங் முடிந்து வந்த வண்டிகள் நிறைய.

நான் சொல்கிறேன் என்று நம்பிக் கழற்றாதீங்க, அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடட்டும், டிம் லைட் எரியட்டும். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். முதலில் பேட்டரி இரண்டு முனையிலும் வையுங்கள். 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. அப்புறம் கறுப்புக் குச்சி பேட்டரி மைனஸிலேயே இருக்கட்டும். பல்பின் பின்னால் மூன்று வயர் போகும் ஹோல்டரைக் கழற்றாமல், ஒரு குண்டூசியை வயர் ஓரமாக உள்ளே நுழைத்து, சிவப்புக் குச்சியால் அதைத் தொடுங்கள். டிம்மிலும் பிரைட்டிலும் 12-க்குப் போகாமல் கீழேயே நிற்கிற பின்தான் எர்த். அதில் 0.1, போனால் 0.2 வோல்ட் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் அந்த வழியில் அடைப்பு. ஒரு பின் இரண்டிலும் 12-க்கு மேலேயே நின்றால் அது எர்த் பக்கம் சுவிட்ச் வைத்த வண்டி, அப்போது எனக்கு எழுதிவிட்டு மேலே போங்கள். குண்டூசி பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்டால் ஃபியூஸ் போகும்.

லைட் எரியாமல் அளந்தால் எல்லாமே சரி என்றுதான் காட்டும். மீட்டரை ஓம்ஸில், அதாவது தடை அளக்கும் இடத்தில், வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது அதனால்தான். பத்து இழையில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டருக்குப் போதும், பல்புக்குப் போதாது.

ஏசி போடும்போது ஒரு கணம் மங்குவதை விட்டுவிடுங்கள். அது எந்த வண்டியிலும் இருக்கும்.

ஆனைமலை தோப்பு

நடுவில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு வண்டியிலும் இதே மாதிரி வந்தது, காரணம் எலி. தேங்காய்க் களத்தில்தான் கார் நிற்கும். ராத்திரி எஞ்சின் சூட்டுக்கு உள்ளே ஏறிவிடும். வால்பாறைக்கு ஏறும்போது, நாற்பது கொண்டை ஊசியில் ஒன்பதாவதோ பத்தாவதோ, வலது லைட் போய்ப் போய் வந்தது. பார்த்தால் வயரின் மேல் தோலைக் கடித்து, உள்ளே இரண்டே இழை பிடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் நிற்கும் வண்டி என்பதால் சொல்கிறேன், அக்கா. அளப்பதற்கு முன்னால் வயர் ஓடும் வழி முழுக்க ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். பேட்டரிக்கு அடியில் தேங்காய் நார் கிடந்தால் கூடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

தாராபுரத்துப் பொண்ணு

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து அளந்தேன். முதலில் ஆனைமலை அக்கா சொன்னபடி வயரைத் தடவிப் பார்த்தேன். கடி இல்லை, நார் இல்லை.

பேட்டரி முனையில் 14.1 வோல்ட். வலது பல்பின் எர்த் பின்னில் 0.12. இடது பல்பின் எர்த் பின்னில் 1.7. மீட்டரை நம்பாமல் குண்டூசியை எடுத்துத் திரும்பக் குத்தினேன், மறுபடியும் 1.68. இடது இண்டிகேட்டர் போட்டதும் 2.3-க்கு ஏறி இறங்குகிறது. பல்புக்கு நேராக அளந்தால் வலதில் 13.5, இடதில் 12.0.

எர்த் போல்ட் எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆயிற்று. இடது ஹெட்லைட்டுக்குப் பின்னால், ஃபெண்டரின் உள்பக்கம், கறுப்பு வயர் இறங்கும் இடத்தில் இருந்தது. அதைக் கழற்றுவதற்கு முன்னால் ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெறும் லைட்டை மட்டும் ஐந்து நிமிடம் போட்டுவிட்டு விரலை வைத்தேன். போல்ட் வெதுவெதுவென்று சுட்டது. சுற்றியிருந்த தகடு குளிர்ந்து கிடந்தது.

இனி என்ன செய்ய வேண்டும்?

வயர்மேன் பல்லடம்

சபாஷ். அந்தச் சூடுதான் உங்கள் வெளிச்சம். எஞ்சின் ஓடும்போது 1.7 வோல்ட்டை நாலரை ஆம்பியரோடு பெருக்கிப் பாருங்கள், ஏழரை வாட்டுக்கு மேல் வருகிறது. பார்க்கிங் பல்பே 5 வாட்தான். ஒரு பார்க்கிங் பல்பை விட அதிகமாக அந்தப் போல்ட் எரித்துக்கொண்டிருக்கிறது. ஹாலஜனில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். உங்கள் 13.5-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தில், இடது பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் இல்லாமலே ஓட்டியிருக்கிறீர்கள். நடந்து போகிறவர்கள் இருப்பதும் அந்தப் பக்கம்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, லக் உட்காரும் வட்டத்தில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள், தகடு வெள்ளியாக மின்னும் வரை. லக்கின் இரண்டு பக்கமும் தேயுங்கள். லக்கைப் பிடித்து வயரை லேசாக இழுத்துப் பாருங்கள், ஆடினால் அல்லது செம்பில் பச்சைக் களிம்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புது லக் போட்டு நன்றாக நசுக்கிவிடுங்கள். ஒரு பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். வாசலினோ கிரீஸோ எல்லாம் முறுக்கி முடித்த பிறகு மேலே தடவ வேண்டும். முதலிலேயே தடவினால் நாமே நடுவில் ஒரு படலம் வைத்த மாதிரி. தேய்த்த இடத்தைச் சுற்றி வெளியே தெரியும் தகட்டுக்குக் கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வையுங்கள், துரு பிடிக்காது.

வலது எப்போதாவது மினுக்குகிறது என்றீர்கள். எர்த் 0.12 என்பதால் அது வேறு விஷயம். அந்தப் பக்கம் ஹோல்டரைப் பிடுங்கிப் பின்களைப் பாருங்கள். பல்பின் வாட்டும் படித்துச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கையால் தொடாதீங்க, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடு கூடிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

தாராபுரத்துப் பொண்ணு

ஐயா, சொன்ன மாதிரியேதான். போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் ஃபெண்டரின் அதே வெள்ளைப் பெயிண்ட், பளபளவென்று, லக்கின் வட்டம் மட்டும் அச்சாகப் பதிந்திருந்தது. போல்ட்டின் மரையில் செம்மண் நிறத்தில் துரு. லக் உறுதியாக இருந்ததால் வெட்டவில்லை. அப்பா போர் மோட்டாருக்கு வைத்திருந்த வாஷரில் அளவு பொருந்தியது ஒன்று கிடைத்தது. தேய்த்து முறுக்கி அளந்தேன். 1.7 காட்டிய அதே பின்னில் 0.08. இண்டிகேட்டர் போட்டும் ஹெட்லைட் அசையவில்லை. செலவு, உப்புத்தாள் பதினைந்து ரூபாய்.

வலது ஹோல்டரில் நீங்கள் சந்தேகப்பட்டது இருக்கிறது. டிம் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி, லேசாக உருகி இருக்கிறது. பல்பில் 100/90 என்று போட்டிருக்கிறது, பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட். மாமாவிடம் போன் போட்டுக் கேட்டேன், உடுமலைப் பக்கம் ராத்திரிப் பயணம் அதிகம் இருந்தபோது பெரிய பல்பாகப் போட்டதாகச் சொன்னார். இடது பல்பு இடையில் ஒரு தடவை ஃபியூஸாகி, அது மட்டும் 60/55-ஆக மாறியிருக்கிறது.

வயர்மேன் பல்லடம்

அப்போ வலதில் 90 வாட், ஏழரை ஆம்பியர். அந்த ஹோல்டரும் சுவிட்ச்சும் 60/55 பல்புக்காகச் செய்தவை. அதைத் தாங்கும் தடித்த வயரும் ஹோல்டரும் கொண்ட ரிலே கிட் போடாமல் அந்தப் பல்பைப் போட்டதால் பின் சுட்டு இளகிவிட்டது. இளகின பின் இன்னும் சுடும், ஒரு நாள் உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 60/55-ஐயே போடுங்கள். ஹோல்டரைச் செராமிக்கில் கேட்டு வாங்குங்கள். வெட்டுவதற்கு முன்னால் எந்த நிற வயர் எந்தப் பின்னில் போகிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பாகிய வயர் நுனியை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்தில் ஆகாது.

தாராபுரத்துப் பொண்ணு

60/55 பல்பு இரண்டும் இன்று காங்கயத்தில் வாங்கிப் போட்டுவிட்டேன். செராமிக் ஹோல்டர் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அதுவரை பழையதிலேயே மெதுவாக ஓட்டுகிறேன், தினமும் இறங்கியதும் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி ஊதியூர் தாண்டி வந்தேன். நடக்கிறவர்கள் நேற்றும் இருந்தார்கள். ஒரு கூட்டத்தின் கால்கள் முதலில் தெரிந்தன, பிறகு பச்சை வேட்டி, பிறகு தலைமேல் துண்டு. போன வாரம் பத்தடியில் பார்த்ததை இந்த முறை பிரேக்கில் கால் வைத்து, ஹாரன் அடிக்காமல், விலகிப் போகும் அளவுக்குத் தூரத்திலேயே பார்த்தேன்.

இன்று காலை லைட்டை ஐந்து நிமிடம் போட்டுவிட்டுப் போல்ட்டைத் தொட்டேன். தகடும் போல்ட்டும் ஒரே குளிர்ச்சி. ஹோல்டர் மாற்றியதும் வலது பக்க அளவுகளையும் இங்கேயே போடுகிறேன், ஐயா.